மறுக்கப்பட்ட நாடகமும் மதுக்கடைக்காரரும்

நாடகப் போட்டிகளுக்காக மாணவர்கள் எழுதும் பிரதிகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். முதல் சுற்றிலேயே பிரதி தள்ளப்பட்டுவிட்டால் சிலர் அதோடு எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். தேர்ந்தவர்களே வேண்டாம் என்று சொன்ன பிறகு யாரிடம் காட்டுவது என்பது அவர்களின் கேள்வி. அவர்களுக்கு நான் ஜான் பி. கீன் என்ற அயர்லாந்து நாடகாசிரியரின் வாழ்க்கையைச் சொல்வது வழக்கம்.

அயர்லாந்தின் தென்மேற்கில் கெர்ரி என்றொரு மாவட்டம். அதிலுள்ள லிஸ்டோவல் என்ற சிற்றூரில் 1928 ஜூலை 21ஆம் தேதி கீன் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். உள்ளூரிலேயே படித்து முடித்த கீன், மருந்துக்கடை ஒன்றில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

அன்றைய அயர்லாந்தில் இளைஞர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் பிழைப்புத் தேடி நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கீனும் அவர்களில் ஒருவராக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நார்தாம்ப்டன் போன்ற ஊர்களில் தெருக் கூட்டினார், மதுக்கூடங்களில் பரிமாறினார். பிழைக்கப் போன தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்த நமக்கு அந்தப் பயணத்தின் வலி புரியாததல்ல.

சில ஆண்டுகளில் கீன் ஊர் திரும்பினார். 1955இல் மேரி ஓகானரை மணந்துகொண்டு, லிஸ்டோவலில் ஒரு மதுக்கடையை வாங்கி நடத்தத் தொடங்கினார். விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள், மாட்டு வியாபாரிகள், கல்யாணத் தரகர்கள் என எல்லாரும் வந்து பேசும் இடம் அது. நிலத் தகராறு, வரதட்சணைப் பேரம், ஊரைவிட்டுப் போன பிள்ளைகளின் கடிதம் என எதையும் அங்கே கேட்கலாம். பகலில் பரிமாறியபடி கேட்டதை, இரவில் கடையைச் சாத்திய பிறகு அவர் எழுத்தாக்கினார்.

அப்படிப் பிறந்த நாடகம்தான் ‘சைவ்’. அது கதையின் நாயகியான இளம்பெண்ணின் பெயர். தாய் தந்தை இல்லாத அவள், மாமா வீட்டில் வளர்கிறாள். பள்ளியில் படிக்கும் வயது. பணமும் நிலமும் உள்ள ஒரு கிழவருக்கு அவளைக் கட்டிவைக்க ஒரு தரகர் பேரம் பேசுகிறார். அவளை வளர்த்த அத்தை பணத்துக்காகச் சம்மதிக்கிறாள். அவள் விரும்பும் இளைஞனோ தடுக்கப்படுகிறான். திருமணத்துக்கு முந்தைய இரவு வீட்டைவிட்டு ஓடும் சைவ், இருட்டில் சதுப்புநில நீரில் மூழ்கி இறக்கிறாள். கட்டாயக் கல்யாணம் என்ற கொடுமையை, கெர்ரி விவசாயிகள் பேசும் அதே கொச்சையில் கீன் எழுதியிருந்தார்.

பிரதியை அவர் டப்ளினில் இருந்த அபே அரங்கத்துக்கு அனுப்பினார். கவிஞர் யேட்ஸும் லேடி கிரிகோரியும் முன்னின்று 1904இல் திறந்த அந்த அரங்கம், அயர்லாந்தின் தேசிய அரங்கமாக மதிக்கப்பட்டது. அங்கு ஒரு நாடகம் ஏறுவதே எழுத்தாளனுக்கு அங்கீகாரம். ஆனால் ‘சைவ்’ வேண்டாம் என்று அபே மறுத்துவிட்டது. சிற்றூர்க் கடைக்காரர் ஒருவருக்கு அதற்கு மேல் போய்க் கேட்க வேறு கதவு இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் கைகொடுத்தது அவருடைய ஊரின் தொழில்முறை சாரா நாடகக் குழு. பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு, மாலையில் கூடி ஒத்திகை பார்ப்பவர்கள் அவர்கள். ஊதியம் கிடையாது. 1959 பிப்ரவரியில் லிஸ்டோவலின் நடனக்கூடம் ஒன்றில் அவர்கள் ‘சைவ்’ நாடகத்தை அரங்கேற்றினார்கள்.

இங்கே அயர்லாந்தின் நாடகப் போட்டி முறையைச் சற்று விளக்க வேண்டும். ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் அந்நாட்டின் பல ஊர்களில் வட்டார நாடக விழாக்கள் நடக்கும். ஓர் இரவுக்கு ஒரு குழு முழு நீள நாடகம் போடும். திரை விழுந்ததும் நடுவர் மேடையேறி, பார்வையாளர்கள் முன்னிலையிலேயே அன்றைய நாடகத்தின் நிறைகுறைகளை அலசுவார். மூடிய அறையில் மதிப்பெண் போட்டுவிட்டுப் போகும் வழக்கம் அங்கில்லை. ஒரு குழு ஒரே விழாவோடு நிற்காது. அரங்கப் பொருள்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று பல விழாக்களில் போட்டியிடும். வட்டார விழாக்களில் சிறந்து விளங்கும் குழுக்கள், நாட்டின் நடுவே ஷானன் ஆற்றங்கரையில் உள்ள அத்லோன் நகரில் நடைபெறும் அகில அயர்லாந்து விழாவுக்குத் தகுதி பெறும். 1953இல் தொடங்கிய அந்த இறுதிச் சுற்று இன்றும் நடந்துவருகிறது.

லிஸ்டோவல் குழு ‘சைவ்’ நாடகத்தோடு இந்தச் சுற்றில் இறங்கியது. ஓரிடத்தில் தேர்வுக் குழு ஒன்று தள்ளிய பிரதியை, இப்போது வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நடுவர்களும் பார்வையாளர்களும் எடைபோட்டார்கள். கிராமப்புற மக்கள் அந்த மேடையில் தங்கள் வீட்டையும், தங்கள் பேச்சையும், தாங்கள் மறைத்துவைத்திருந்த குற்ற உணர்வையும் கண்டார்கள். 1959ஆம் ஆண்டின் அத்லோன் இறுதிச் சுற்றில் லிஸ்டோவல் குழு வெற்றி வாகை சூடியது.

அதன் பின் நடந்ததுதான் சுவையானது. வெற்றி பெற்ற குழுவுக்கு அபேயின் மேடையில் ஒரு வாரம் நடிக்கும் வாய்ப்பு கிடைத்தது. 1951இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு அபே நிறுவனம் டப்ளினின் குவீன்ஸ் அரங்கில் இயங்கிவந்தது. அபே மறுத்த நாடகம், அபேயின் மேடைக்கே ஊர்க்காரர்களின் நடிப்பில் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு கார்க் நகரத் தொழில்முறைக் குழு ஒன்றும் அதை எடுத்து நடத்தியது.

கீன் மதுக்கடையை மூடிவிடவில்லை. கடையையும் கவனித்துக்கொண்டு நாடகம், நாவல், கட்டுரை என எழுதிக் குவித்தார். 1965இல் டப்ளினில் அரங்கேறிய ‘தி ஃபீல்ட்’ அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. குத்தகைக்கு எடுத்து உழைத்துப் பண்படுத்திய வயல் கைவிட்டுப் போகும் என்று அஞ்சும் ஒருவன் கொலைவரை போகும் கதை அது. 1958இல் கெர்ரியில் நிலத்தகராற்றை ஒட்டி நடந்த கொலை அதற்குத் தூண்டுகோல். 1990இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதில் நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1985இல் அபே அரங்கம் ‘சைவ்’ நாடகத்தைத் தானே தயாரித்து மேடையேற்றியது. அது முதலில் மறுக்கப்பட்டு அப்போது கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. 2002 மே 30ஆம் தேதி, தாம் பிறந்த லிஸ்டோவலிலேயே கீன் காலமானார்.

இந்த வாழ்க்கையில் நான் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவது இரண்டு. முதலாவது மொழி. எனக்கு வரும் பிரதிகளில் ரப்பர் தோட்டத்துத் தாத்தாவும், அடுக்குமாடி வீட்டு அம்மாவும், கல்லூரி மாணவியும் ஒரே பாடநூல் தமிழில் பேசுகிறார்கள். கீனின் பாத்திரங்கள் கெர்ரியைத் தவிர வேறெங்கும் பிறந்திருக்க முடியாது. அப்படிப் பேசியதால்தான் மற்ற ஊர்க்காரர்களும் அவர்களை நம்பினார்கள்.

இரண்டாவது, போட்டி என்பதைப் புரிந்துகொள்ளும் முறை. அத்லோன் கோப்பை கீனை எழுத்தாளராக்கவில்லை. கோப்பைக்கு முன்பே அவர் எழுத்தாளர்தான். அந்த விழாக்கள் அவருக்குக் கொடுத்தது, தேர்வு மேசையைத் தாண்டி மக்கள்முன் நிற்கும் வாய்ப்பை. ஒரு நடுவரின் தீர்ப்பு ஓர் இரவின் தீர்ப்பு. அடுத்த ஊரில் இன்னொரு நடுவர் இருப்பார். இன்னொரு கூட்டம் இருக்கும்.

ஆகவே மாணவர்களே, உங்கள் பிரதி திரும்பி வந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். நான்கு நண்பர்களைச் சேருங்கள். சமூக மண்டபமோ, பள்ளியில் காலியான வகுப்பறையோ போதும். நடித்துப் பாருங்கள்; எந்த இடத்தில் கூட்டம் நெளிகிறது, எந்த இடத்தில் மூச்சை அடக்குகிறது என்று கவனியுங்கள். பிறகு அந்தப் பிரதியை மறுபடியும் திருத்தி எழுதுங்கள்.