செய்தித்தாளைப் பள்ளியாக்கிய ஆசிரியர்

தமிழ் நாளிதழின் முன்னோடியான ஜி. சுப்பிரமணிய ஐயர், அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். 1855 ஜனவரி 19 அன்று திருவையாற்றில் பிறந்து, சென்னையில் ஆசிரியப் பணி ஆற்றிவந்த அவரை இதழியலுக்கு இழுத்து வந்தது ஒரு நியமனம். 1878-இல் டி. முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானபோது ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் அதனைத் தாக்கி எழுதின. இந்தியர் தரப்பை எடுத்துரைக்க வலுவான ஏடு இல்லாததை உணர்ந்த இளைஞர் அறுவர், ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' வார இதழைத் தொடங்கினர். முதலில் அச்சானவை 80 படிகள். அறுவரில் இருவர் ஆசிரியர். நால்வர் சட்ட மாணவர்.

ஆங்கிலம் அறிந்தவரிடம் மட்டும் பேசினால் போதாது என்று கருதிய அவர், 1882-இல் 'சுதேசமித்திரன்' வார இதழைத் தொடங்கினார். 1885-இல் பம்பாயில் கூடிய காங்கிரஸின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்வித்து, எழுத்தில் வலியுறுத்திய சீர்திருத்தத்தை இல்லத்திலும் நிறைவேற்றினார். 1898-இல் 'இந்து'விலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே 'சுதேசமித்திரன்' நாளிதழாயிற்று.

இதழியல் கல்லூரிகள் இல்லாத காலம் அது. அரசியலையும் பொருளாதாரத்தையும் நாள்தோறும் தமிழில் எழுத முன்மாதிரியும் இல்லை. சொற்களையே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1904-இல், மதுரையில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த பாரதியாரை அழைத்துவந்து உதவி ஆசிரியராக்கினார் ஐயர். ஆங்கிலத் தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் பாமரரும் உணரும் தமிழில் பெயர்த்துத் தருவது அந்த இளைஞரின் அன்றாடப் பணி. கவிஞராக வந்தவர், உலக நடப்பைத் தெளிந்த உரைநடையில் எழுதும் இதழாளராக உருவானது அந்த மேசையில்தான். 1906-இல் 'இந்தியா' வார இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்கும் வலிமையை அவருக்கு அளித்ததில் அப்பயிற்சிக்குப் பெரும்பங்கு உண்டு.

1908-இல் அரச நிந்தனைக் குற்றச்சாட்டில் ஐயர் கைதானார். பின்னர் நோயுற்று, 1916 ஏப்ரல் 18 அன்று மறைந்தார்.

இன்று இதழியல் பட்டங்கள் பெருகியுள்ளன. ஆயினும் ஒரு வட்டாரத்தின் நீர், நிலம், பள்ளி, ஊராட்சிக் கணக்கு ஆகியவற்றை எழுதும் செய்தியாளருக்கு, தம் படியைத் திருத்தித் தரும் மூத்தவர் வாய்ப்பது அரிதாகிவருகிறது. நிதி நிலை அறிக்கையைப் படிக்கவும் ஆவணத்தைச் சரிபார்க்கவும் கற்பிக்கப்படாதவர், தமக்குக் கொடுக்கப்படும் அறிக்கையையே செய்தியாக்க நேர்கிறது. அதன் இழப்பு அவ்வூர் மக்களுக்கே. இளையவர் ஒருவரை அருகில் அமர்த்திப் பழக்குவதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. கடன் வாங்கி ஏடு தொடங்கிய ஐயரின் வாழ்வு இன்றைய ஆசிரியர் குழுக்களுக்கு நினைவூட்டுவது இக்கடமையையே.