வேங்கைக் குவளைத் தண்ணீரில் என்ன இறங்குகிறது? தேடிய டி.ஆர்.சேஷாத்ரி யார்?

பாலக்காடு, இடுக்கி காடுகளில் வேங்கை மரம் பார்த்திருப்பீர்கள். அதன் கட்டையில் கடைந்த குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றி, காலையில் குடித்தால் சர்க்கரை குறையும்னு சொல்வாங்க. மாத்திரையையே நிறுத்துபவர்களும் உண்டு, அது ஆபத்து.

இந்த மர இனத்தின் பாலிபீனால்களை ஆராய்ந்தவர் டி.ஆர்.சேஷாத்ரி. 1900-ல் குளித்தலையில் பிறந்தார். பின்னாளில் நோபல் பெற்ற ராபர்ட் ராபின்சனிடம் மான்செஸ்டரில் முனைவர் பட்டம். 1934-ல் ஆந்திரா பல்கலைக்கழகம், 1949-ல் டெல்லி. 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். வேங்கை, ஈட்டி மர இனங்களின் பாலிபீனால்கள் பற்றி 1972-ல் ஒரு தொகுப்புக் கட்டுரை எழுதினார்.

வேங்கைக் கட்டையில் டெரோஸ்டில்பீன் இருக்கிறது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலின் உடன்பிறப்பு மாதிரி. இரண்டு ஹைட்ராக்சில்கள் மீது மட்டும் மெத்தில் மூடி. அதனால் உடல் அதைச் சீக்கிரம் சிதைத்து வெளியேற்றாது. ஆனா தண்ணீரில் ரொம்பக் கொஞ்சம்தான் கரையும். குவளைத் தண்ணீர் நிறம் மாறுவது வேறு பொருட்களால். இப்படி மெத்தில் மூடி போடுவதும் கழற்றுவதும் சேஷாத்ரிக்குக் கைவந்த வேலை.

1975-ல் அவர் மறைந்தார். டெரோஸ்டில்பீனைக் கரைய வைக்கும் முயற்சி இப்போதும் நடக்கிறது: சர்க்கரை மூலக்கூறு வளையமான சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்குள் பொதிந்தும், நானோ துகளாக்கியும்.