விழுப்பனூரிலிருந்து அணுவுக்கு

அம்பாங்கில் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்கு, நான்காம் படிவ வேதியியல் பெரும் சோதனையாக அமைந்தது. தமிழ்ப்பள்ளியில் ‘ஆரம்’ என்று படித்தது அங்கே ‘ஜெஜாரி’ ஆயிற்று. தனிம அட்டவணையில் இடமிருந்து வலமாகச் செல்லச் செல்ல அணுவின் ஆரம் குறையும் என்றார்கள். எலெக்ட்ரான்கள் கூடினால் அணு பெரிதாகத்தானே வேண்டும்? கேட்க நினைத்தேன். மலாய்ச் சொற்கள் கோவையாக வரவில்லை. தோழர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. மனப்பாடம் செய்தேன். தேர்வில் ‘ஏன்?’ என்று கேட்டபோது விடைத்தாளை வெறுமையாகவே விட்டேன்.

பல்கலைக்கழகம் வந்தபின் அந்தக் கூச்சத்தைப் போக்கியவர், 1961ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஒரு தமிழர். அவர்தான் சர் கே.எஸ்.கிருஷ்ணன்.

1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், தமிழ்நாட்டில் வத்திராயிருப்பை அடுத்த விழுப்பனூரில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் சென்னையில் வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியாற்றியபோது, மதிய உணவு நேரத்தில் மாணவர்களுடன் அமர்வார். இயற்பியல், வேதியியல், கணிதம் என எதைப் பற்றியும் கேட்கலாம். மற்றக் கல்லூரி மாணவர்களும் தேடி வந்தனராம்!

பின்னர் கல்கத்தாவில் சர் சி.வி.இராமனுடன் ஆய்வில் இணைந்தார். 1928இல் இராமன் விளைவை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. ஆயினும் கிருஷ்ணனின் உழைப்பு ஓயவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்தத்தன்மையை ஆராயத் தொடங்கியிருந்தார்.

இங்கேதான் என் பழைய கேள்விக்கும் விடை கிடைத்தது. அணுவுக்குப் பந்து போன்ற கெட்டியான ஓடு கிடையாது. நேர்மின்னூட்டம் கொண்ட அணுக்கரு எலெக்ட்ரான்களை இழுக்கிறது. எலெக்ட்ரான்களோ ஒன்றையொன்று தள்ளுகின்றன. எந்தக் கூட்டில் எத்தனை எலெக்ட்ரான்கள் இருக்கலாம் என்பதற்கும் வரம்புண்டு. இவை சேர்ந்தே அணுவின் அளவை முடிவு செய்கின்றன. சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள், குளோரினில் 17. புதிதாகச் சேரும் எலெக்ட்ரான்கள் அதே மூன்றாம் கூட்டில் அமர்வதால், அவற்றால் கருவின் ஈர்ப்பைப் பெரிதாக மறைக்க முடிவதில்லை. இழுப்பு கூடுகிறது, ஆரம் 186 பிக்கோமீட்டரிலிருந்து 99ஆகச் சுருங்குகிறது. ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு! பொட்டாசியத்திலோ நான்காம் கூடு தொடங்குவதால் ஆரம் 227ஆக விரிகிறது.

பல பொருள்களில், எலெக்ட்ரான்கள் எவ்வளவு தூரம் பரவியுள்ளனவோ, அந்த அளவுக்குக் காந்தப் புலம் அப்பொருளை விலக்கும். இதைத் துணையாகக் கொண்டு, மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது திரும்புவதை அளந்தார் கிருஷ்ணன். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்துள்ளன என்பதையும் அதன்வழி கணித்தார். பென்சில் கரியான கிராஃபைட்டில் சில எலெக்ட்ரான்கள் ஓர் அணுவுக்குள் அடங்காமல், அடுக்கு முழுவதும் உலவுகின்றன என்பதையும் விளக்கினார்.

1940இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினர், 1946இல் சர் பட்டம், 1947இல் இந்தியத் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் எனப் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. எனினும், என் மனத்தில் நிற்பது அந்த மதிய உணவு நேரம்தான்.

இப்போது சனிக்கிழமைகளில் அம்பாங்கில் சில படிவம் நான்கு மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சென்ற மாதம் ஒரு தங்கை, பாதி தமிழிலும் பாதி மலாயிலும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: அக்கா, எலெக்ட்ரான் கூடினா அட்டோம் ஏன் சின்னதாகுது? யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

அன்புத் தோழர்களே, மூத்தோரே, வாரத்தில் ஒரு மணி நேரம் நம் தம்பி தங்கைகளுடன் அமர்வோம். எந்த மொழியில் வந்தாலும் கேள்வி கேள்விதான்!