பசித்தார்க்குத் தாயான பண்டித ரமாபாய்

கல்வியிற் பெரியோர் பலர். ஈகையிற் பெரியோரும் பலர். இவ்விரண்டும் ஒருவரிடத்தே பொருந்துதல் அரிது. அவற்றோடு, பசியின் கொடுமையைத் தம் உடம்பால் அறிந்து, அவ்வறிவையே அறமாக மாற்றியவர் மிகச் சிலரே. அத்தகையாருள் ஒருவர் பண்டித ரமாபாய் அம்மையார். பெண்கல்விக்கும் கைம்பெண்களின் நலத்திற்கும் அவர் உழைத்தமையை நம்மிற் பலர் அறிவோம். பஞ்சத்தில் வாடிய சிறுமியர்க்கு அவர் சோறிட்டுக் காத்த வரலாற்றையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ரமாபாய் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ஆம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் கங்காமூலா என்னும் இடத்தே பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே வடமொழியிற் பெரும்புலமை வாய்ந்தவர். பெண்களுக்கு அம்மொழியைக் கற்பித்தல் ஆகாதென்று பலரும் தடுத்த அக்காலத்தில், அவர் அஞ்சாது தம் மனைவியார் இலக்குமிபாய்க்கு அதனைக் கற்பித்தார். அவ்வன்னையார் தம் இளைய மகளுக்குக் கற்பித்தார். சிறுமியாயிருக்கும்போதே ரமாபாய்க்குப் பல்லாயிரம் சுலோகங்கள் மனப்பாடமாயின. ஊர்தோறும் சென்று, கோவில்களிலும் குளக்கரைகளிலும் புராணம் ஓதி, கேட்போர் மனமுவந்து அளிப்பதைக் கொண்டே அக்குடும்பம் வாழ்ந்து வந்தது.

1870-க்குப் பிந்திய ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலே பஞ்சம் தோன்றியது. தமக்கே உணவில்லாதபோது புராணம் கேட்பார் யார்? கேட்டாலும் கொடுப்பார் யார்? கையிலிருந்த பொருள் கரைந்தது. பாத்திரமும் ஆடையும் விலையாயின. காட்டிலே கிடைத்த இலையையும் காயையும் தின்று நாட்களைக் கழித்தனர். நூல் பல கற்ற அக்குடும்பத்தார் கைத்தொழில் ஒன்றும் கற்றிலர். கூலிவேலை செய்து பழகியதுமில்லை. இரந்துண்ணவோ நாணம் இடங்கொடுக்கவில்லை. முதியவரான தந்தையார் முதலில் இறந்தார். தாயார் நோயுற்று, உணவை எண்ணியே பிதற்றும் நிலையில், ரமாபாய் அண்டை வீட்டிற்கு ஒரு துண்டுக் கம்பு ரொட்டி கேட்கச் சென்றார். வாயிலில் நின்றவர்க்கு வாய் திறக்க இயலவில்லை, கண்ணீரே முந்தியது. அவ்வீட்டு அம்மையார் இரங்கி ரொட்டியை அளித்தார். ஆயினும் அதனை உண்ணும் வலிமை தாயார்க்கு இல்லாமற் போயிற்று. அவரும் இறந்தார், மூத்த சகோதரியும் இறந்தார். எஞ்சியவர் ரமாபாயும் தமையனார் சீனிவாசருமே.

அவ்விருவரும் இந்தியா முழுவதும் கால்நடையாகத் திரிந்தனர். வடக்கே ஜீலம் நதிக்கரையில் குளிருக்குப் போர்வையின்றி மணலிலே குழி தோண்டி, கழுத்தளவு புதைந்து இரவைக் கழித்ததும் உண்டு. 1878-ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடைந்தபோது, அந்நகரத்துப் புலவர்கள் இளநங்கையின் கல்வியை ஆராய்ந்து வியந்து, பண்டிதை, சரசுவதி என்னும் பட்டங்களை வழங்கினர். 1880-ஆம் ஆண்டில் தமையனார் இறந்தார். அவ்வாண்டிலேயே ரமாபாய் விபின் பிகாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைச் சாதிவேற்றுமை பாராது மணந்தார். இரண்டாண்டிற்குள் கணவரும் மறைய, மனோரமா என்னும் கைக்குழந்தையோடு கைம்பெண்ணானார். 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று, அங்கே ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று இந்தியக் கைம்பெண்களின் துயரை எடுத்துரைத்துத் துணை தேடினார். 1889-ஆம் ஆண்டில் பம்பாயிலே சாரதா சதனம் என்னும் விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அது மறுஆண்டில் பூனாவிற்கு மாறியது.

1896-ஆம் ஆண்டில் மத்திய மாகாணத்தைப் பெரும்பஞ்சம் பற்றியது. சிறுமியரும் இளங்கைம்பெண்களும் வழியோரங்களிலே மடிகின்றனர் என்ற செய்தி பூனாவை எட்டியது. அம்மையார் கையிலோ அத்துணைப் பேரைக் காப்பாற்றும் பொருளில்லை. ஆயினும், தாம் பசியோடு அயலார் வாயிலில் நின்ற நாள் அவர்தம் நெஞ்சை விட்டு அகலவில்லை. தாமே நேரிற் சென்று, ஏழையர் விடுதிகளையும் பஞ்சநிவாரண முகாம்களையும் சுற்றிப் பார்த்தார். எலும்புந்தோலுமாய், புண்ணும் அழுக்கும் மூடியவராய், ஆதரிப்பாரின்றிக் கிடந்த பெண்களைத் தேர்ந்து அழைத்து வரலானார். இவ்வாறு வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 300 பேர். வந்தும் பிழையாது இறந்தோரும் அவருட் சிலர் உண்டு.

அப்பொழுது பூனாவிலே கொள்ளைநோய் பரவிற்று. புதியவர்களை நகரத்துள் வைத்தலாகாதென அதிகாரிகள் தடுத்தனர். பூனாவிற்கு ஏறத்தாழ 40 மைல் தொலைவிலுள்ள கேட்காவ் என்னும் சிற்றூரில் அம்மையார் முன்னரே ஏறக்குறைய 100 ஏக்கர் நிலம் வாங்கியிருந்தார். அந்நிலமே அடைக்கலமாயிற்று. கூடாரமும் குடிசையுமாய்த் தொடங்கிய அவ்விடமே முக்தி எனப் பெயர்பெற்ற இல்லமாயிற்று. 1899, 1900-ஆம் ஆண்டுகளில் குஜராத்தில் மீண்டும் பஞ்சம் வந்தபோது அங்கிருந்தும் பெண்கள் அழைத்து வரப்பட்டனர். இல்லத்தில் உண்போர் தொகை 2,000-ஐ நெருங்கியது. முந்திய பஞ்சத்திலே காக்கப்பட்டவர்கள் இப்பொழுது வந்தவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, தாய்போற் பேணினர்.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியைத் தமிழ் மாணவராகிய நாம் அறிவோம். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. ரமாபாயின் கையில் அத்தகைய பாத்திரமில்லை. கிணறு வெட்டுதலும், நிலத்தை உழுதலும், அன்பர் அனுப்பும் பொருளை நாளுக்கு நாள் எதிர்நோக்கியிருத்தலுமே அவர்தம் அமுதசுரபி. சோறிடுவதோடு அவர் அமையவுமில்லை. நூலறிவு மட்டும் உடையோர் பஞ்சத்தில் என்னாவர் என்பதைத் தம் பெற்றோரிடத்தே கண்டவரன்றோ? ஆதலின் முக்தியிலே எழுத்தோடு உழவும், நெசவும், செக்காட்டலும், அச்சுவேலையும் கற்பிக்கப்பட்டன. கண்ணற்ற பெண்களுக்கு விரலால் தடவி வாசிக்கும் எழுத்தை மனோரமா கற்பித்தார். இனி எவர் வாயிலிலும் நின்று கண்ணீர் விடாத பெண்களை உருவாக்குதலே இவற்றின் பயன் என்று நாம் கொள்கின்றோம்.

அம்மையார்மீது எழுந்த குறையையும் மறைத்தல் முறையன்று. சாரதா சதனம் எம்மதத்தையும் புகுத்தாது என்பது தொடக்கத்திற் கூறப்பட்ட உறுதி. அங்கே பெண்கள் சிலர் அம்மையாரின் செபத்திற் கலந்துகொண்டமையால், ரானடே, பண்டார்கர் முதலிய பெரியோர் 1893-ஆம் ஆண்டில் ஆலோசனைக் குழுவினின்றும் விலகினர்; பெற்றோர் பலர் பெண்களை அழைத்துக்கொண்டனர். முக்தியோ வெளிப்படையாகவே கிறிஸ்தவ இல்லமாக நடைபெற்றது. பசித்தவரிடம் மதத்தைப் போதித்தல் தகுமா என்ற வினா அன்று எழுந்தது, இன்றும் எழுகின்றது. அதனை எளிதில் தள்ளிவிடுதல் கிறிஸ்தவ மாணவராகிய நமக்கு அழகன்று. சோறு விலையாகிவிடின் அன்பு வாணிகமாகும். ஆயினும், வினவியோர் பலர் தத்தம் இல்லத்தில் இருந்தபோது, மடியும் குழந்தைகளைத் தேடி முகாம்தோறும் அலைந்தவர் அவ்வம்மையார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தம் வாழ்நாளின் பிற்பகுதியில் வேதாகமத்தை எளிய மராத்தியிலே மொழிபெயர்த்தார். 1919-ஆம் ஆண்டில் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் அளித்தது. 1921-ஆம் ஆண்டில் தம் ஒரே மகளை இழந்தார். 1922-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள் தாமும் உயிர்நீத்தார். அவர் நிறுவிய இல்லம் இன்றும் கேட்காவில் நடைபெற்று வருகின்றது.

மணியடித்தவுடன் உணவு கிடைக்கும் விடுதியிலே வாழ்பவர் நாம். கற்கும் நூல்களும் பல. பசித்தவர் நம் வாயிலில் வந்து, வாய் திறவாது நிற்பாராயின், அவர்தம் கண்ணீரைப் படித்தறியும் கல்வி நம்மிடம் உண்டோ என ஆராய்வோமாக. அதனையும் கற்போமாயின், ரமாபாய் அம்மையாரின் வரலாற்றைப் படித்ததன் பயனை அடைந்தோராவோம்.