பேராசிரியர் பஞ்சானன் மகேசுவரி

களம்பூரிலும் ஆரணியிலும் தறியேறும் பட்டு, முதலில் மல்பெரி இலையாக இருந்ததேயாகும். முசுக்கட்டை என்றும் வழங்கும் அச்செடியைப் பெரும்பாலும் கொம்பு வெட்டிப் போத்தாக நட்டே பயிரிடுவர். விதையில் முளைப்பது தாய்ச்செடியை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆயினும் ஒரு போத்து ஒரு செடியையே தரும். அதனினும் சிறிய துணுக்கிலிருந்து கண்ணாடிக் குழாயில் பல செடிகளை ஆக்குவது திசு வளர்ப்பு. அக்கலைக்கு நம் நாட்டில் அடிகோலியவருள் தலையாயவர் பஞ்சானன் மகேசுவரி.

அவர் 1904 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் ஜெய்ப்பூரில் பிறந்தார். அலகாபாத்தில் பயின்றபோது, வின்ஃபீல்டு டட்ஜன் என்னும் அமெரிக்க ஆசிரியர் அவரைத் தாவரவியலின்பால் ஈர்த்தார். தாம் செய்யத்தக்க கைம்மாறு யாதென மகேசுவரி ஒருநாள் வினவினார். தாம் அவருக்குச் செய்ததை அவர் தம் மாணாக்கர்க்குச் செய்யுமாறு ஆசிரியர் பணித்தார். பொன்னைக் கேட்டிருந்தால் அக்கடன் ஒரு நாளில் தீர்ந்திருக்கும்!

ஆக்ராவிலும் டாக்காவிலும் பணியாற்றியபின், 1949 இல் மகேசுவரி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவரானார். பூவின் சூலுக்குள் கரு உருவாகும் விதத்தை ஆராய்வதே அவர்தம் துறை. செடிக்குள் மறைந்து நிகழும் அதனை வெளியே நிகழ்த்திப் பார்க்க அவர் விரும்பினார். எலுமிச்சை இனத்து மரங்களின் விதையில், மகரந்தச் சேர்க்கையால் உண்டாகும் கருவோடு, தாயின் திசுவிலிருந்தே தோன்றும் கருக்களும் உண்டு. அவை தாய்மரத்தின் பண்பு மாறாதவை. அத்திசுவை எடுத்து, சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழில், நுண்ணுயிர் அணுகாவண்ணம் வைத்தனர். சிறு கன்றுகள் எழுந்தன. 1958 இல் இதனை வெளியிட்ட அரங்கசுவாமி அவருடைய மாணாக்கர். மகேசுவரி, அரங்கசுவாமியோடும் குசும் காந்தாவோடும் சேர்ந்து, கசகசாச் செடியின் சூல்களையும் மகரந்தத்தையும் குழாய்க்குள் ஒன்றாக வைத்து விதை விளையச் செய்தார். 1962 இல் உலகம் இதனை அறிந்தது. ஈராண்டில் அதே பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகா என்னும் அம்மையார், மகேசுவரியின் மைந்தரோடு சேர்ந்து, ஊமத்தம்பூவின் மகரந்தப் பையிலிருந்தே கருக்களை வளர்த்துக் காட்டினார்.

1965 இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. மறு ஆண்டு மே 18 அன்று, தம் 61 ஆம் வயதில் அவர் காலமானார். உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென அவர் முன்னின்று ஆக்கிய உயிரியல் பாடநூல் 1964 முதல் வெளிவந்துகொண்டிருந்தது.