தழும்பே பெயரானவர்

காது கேளாதவர் என்றால் சிந்தனையிலும் குறைந்தவர் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. பேச வராத பிள்ளையைக் கண்டதும் பரிதாபப்படுகிறோம். அதன் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்க மட்டும் நமக்குத் தெரிவதில்லை. குறை உண்மையில் யாரிடம் இருக்கிறது என்பதை லாரன்ட் கிளெர்க்கின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

பிரான்ஸில் லியோன் நகரை அடுத்த ஒரு கிராமத்தில் 1785 டிசம்பர் 26 அன்று பிறந்தவர் அவர். ஒரு வயதில் அடுப்பு நெருப்பில் விழுந்தார். கன்னத்தில் தழும்பு நிலைத்தது. அவருக்குக் காதும் கேட்கவில்லை, வாசனையும் தெரியவில்லை. அந்த விபத்தே காரணம் என்று வீட்டார் நம்பினர். பிறவியிலேயே அப்படித்தானா என்பது அவருக்கே உறுதியாகத் தெரியாது. 12 வயது வரை படிப்பில்லை. வீட்டு மாடுகளை மேய்த்து வந்தார்.

பிறகு பாரிஸில் காது கேளாதோருக்கான பள்ளியில் சேர்க்கப்பட்டார். வாயால் பேசவைக்க ஆசிரியர் ஒருவர் பெரிதும் முயன்றார். ஒலி சரியாக வராத ஒருநாள் அவர் தாடையில் குத்த, சிறுவன் தன் நாக்கையே கடித்துக்கொண்டான். இனி வாயால் பேசப் பழகுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தான். ஆனால் சைகை மொழியிலும் எழுத்திலும் அவன் அறிவு மலர்ந்தது. தன்னைப் போலவே காது கேளாத ஜான் மாசியூவிடம் கற்று, அதே பள்ளியில் ஆசிரியரும் ஆனான்.

1815இல் லண்டனில் நடந்த செயல்விளக்கக் கூட்டங்களில், சபையோரின் கேள்விகளுக்கு கிளெர்க் எழுத்தில் விடையளித்தார். அங்குதான் அமெரிக்கரான தாமஸ் காலடெட் அவரைச் சந்தித்தார். பக்கத்து வீட்டுக் காது கேளாத சிறுமி ஆலிஸுக்குக் கல்வி கிடைக்க வழிதேடி ஐரோப்பா வந்தவர் அவர். அடுத்த ஆண்டு அவருடன் கிளெர்க்கும் கப்பலேறினார். பயணம் 52 நாட்கள். வழியில் கிளெர்க் சைகை மொழி கற்றுக்கொடுத்தார். காலடெட் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்.

அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார்கள். 1817 ஏப்ரல் 15 அன்று ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. ஆலிஸ் அதன் முதல் மாணவர்களில் ஒருவர். மூன்று ஆண்டுகளுக்கு என்று வந்த கிளெர்க் 41 ஆண்டுகள் கற்பித்தார். அங்கு படித்த எலிசா போர்ட்மனை 1819இல் மணந்தார். இருவருமே காது கேளாதவர்கள். பிள்ளைகள் அனைவரும் காது கேட்பவர்கள். கன்னத்தை இரு விரல்களால் தடவுவதே கிளெர்க்கின் சைகைப் பெயர். நெருப்பு விட்டுச்சென்ற தழும்பு அன்புக்குரிய அடையாளமாயிற்று.

அவர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சைகைகளும் மாணவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்து அமெரிக்கச் சைகை மொழி வளர்ந்தது. அதனால்தான் இரு நாட்டிலும் பேச்சு மொழி ஆங்கிலமாக இருந்தும், அமெரிக்கச் சைகை மொழி பிரிட்டன் சைகை மொழியிலிருந்து வேறுபட்டு, பிரெஞ்சுச் சைகை மொழிக்கு நெருக்கமாக இருக்கிறது. சைகை என்பது பேச்சின் நிழலல்ல, தனக்கென இலக்கணம் கொண்ட மொழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1869 ஜூலை 18 அன்று கிளெர்க் மறைந்தார். 11 ஆண்டுகள் கழித்து மிலன் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானித்தது. பல நாட்டுப் பள்ளிகளில் சைகை மொழி ஒடுக்கப்பட்டது. தாடையில் விழுந்த அந்தக் குத்து ஒரு தலைமுறை முழுவதன் மீதும் விழுந்தது போலாயிற்று.

வாய் பேச இயலாதவரின் தெளிவான சைகையால் நிக்காஹும் கொடுக்கல் வாங்கலும் செல்லும் என்று ஃபிக்ஹு பாடத்தில் நாம் படித்திருக்கிறோம். சைகையை மொழியாக ஏற்ற மரபு நம்முடையது. ஆனால் ஜும்ஆ பயானைச் சைகையில் எடுத்துச்சொல்ல நம் மஹல்லாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? காலடெட் 52 நாட்கள் மாணவராக அமர்ந்தார். நாம் இன்னும் முதல் பாடத்தையே தொடங்கவில்லை.