சுரங்கத்தில் இறங்கிய சிறுவன், சுகாதார மந்திரியான கதை

நம் உறுப்பினர்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் வந்தவர்கள், அங்கே வசிப்பவர்களுக்குப் பிரசவமானாலும் ஆபரேஷனானாலும் அரசு ஆஸ்பத்திரியில் பில் கிடையாது என்று ஆச்சரியத்துடன் சொல்வதுண்டு. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் டாக்டரும் அல்ல, பிரபுவும் அல்ல. 13 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு தொழிலாளி. அவர் பெயர் அனைரின் பெவன்.

1897 நவம்பர் 15 அன்று, தெற்கு வேல்ஸில் டிரெடீகர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை டேவிட் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் பிறந்த குழந்தைகள் பத்து; அவர்களில் சிலர் சிறு வயதிலேயே இறந்தனர். பெவனுக்குத் திக்குவாய். பள்ளிப் படிப்பு சரியாக அமையவில்லை. ஆனால் தொழிலாளர் நூலகத்துப் புத்தகங்களை விடாமல் படித்தார். கூட்டங்களில் பேசிப் பேசியே திக்குவாயை அடக்கினார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் தலைசிறந்த பேச்சாளர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார்.

1919இல் தொழிற்சங்கம் அவரை லண்டனில் இரண்டு வருடம் படிக்க வைத்தது. ஊர் திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. சங்கவாதி என்று பெயரெடுத்தவரை எந்த முதலாளி சேர்த்துக் கொள்வார்? அந்த நிலையில்தான், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு, 1925இல் தந்தை காலமானார். அந்த நோய் அப்போது நஷ்டஈட்டுச் சட்டத்தில் சேர்க்கப்படாததால் குடும்பத்திற்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை. பெவன் இதைக் கடைசி வரை மறக்கவில்லை.

அதே ஊரில் வேறொரு பாடமும் அவருக்குக் கிடைத்தது. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சில பென்ஸ்களைச் சேர்த்து ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தி வந்தனர். டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் அதன் மூலம் கிடைத்தன. 'தி சிடாடல்' நாவலை எழுதிய ஏ.ஜே. க்ரோனின் அங்கே டாக்டராக வேலை பார்த்தவர்தான். அந்தச் சங்கத்தின் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் பெவன் இருந்தார். ஓர் ஊரால் முடிந்தது ஒரு தேசத்தால் முடியாதா என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

1929இல் எப்பு வேல் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்வாகி, மறையும் வரை 31 வருடங்கள் அதே தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 1945இல் அட்லீ மந்திரி சபையில் சுகாதாரமும் வீட்டுவசதியும் அவரிடம் வந்தன. வயது 47, மந்திரி சபையில் அவரே இளையவர்.

வேலை சுலபமாக இல்லை. சர்ச்சிலின் கட்சி மசோதாவை எதிர்த்து ஓட்டளித்தது. 1948 தொடக்கத்தில் டாக்டர்கள் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில், ஓட்டுப் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வேண்டாம் என்றனர். பிடிவாதக்காரர் எனப் பெயர் பெற்ற பெவன் இங்கே விட்டுக் கொடுத்தார். பெரிய ஸ்பெஷலிஸ்டுகள் தனியாகவும் நோயாளிகளைப் பார்க்கலாம் என்றார். குடும்ப டாக்டர்களை மாதச் சம்பளக்காரர்களாக்க மாட்டோம் என்று உறுதியளித்தார். 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவ சேவை துவங்கியது.

குறைகளும் இருந்தன. துவக்கத்திற்கு முதல் நாள் எதிர்க்கட்சியினரை மிகக் கடுமையாக ஏசி, தம் கட்சிக்கே சங்கடம் தேடித் தந்தார். தொழிலாளிக்கும் நல்ல வீடே வேண்டும் என்று தரத்தில் பிடிவாதம் பிடித்ததால், எதிர்பார்த்த எண்ணிக்கையில் வீடுகள் எழும்பவில்லை என்ற விமர்சனமும் உண்டு.

1951இல் ராணுவச் செலவுக்காகப் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தது. தொகை சிறியதுதான். ஆனால் ஒரு முறை கதவைத் திறந்தால் பிறகு மூட முடியாது என்று கருதிய பெவன், மந்திரி பதவியை ராஜிநாமா செய்தார். அதன்பின் அவர் மந்திரியாகவே இல்லை.

1960 ஜூலை 6 அன்று புற்றுநோயால் காலமானார். அவர் துவக்கிய சேவைக்கு அதற்கு முதல் நாள்தான் 12 வருடம் நிறைந்திருந்தது. பிற்காலத்தில் நம் நாட்டு டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் அதில் பணியாற்றிப் பெயர் பெற்றார்கள். கார்டிஃப் நகரில் பெவனுக்குச் சிலை உண்டு. பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் செல்லும் உறுப்பினர்கள், அந்தச் சிலையையும் ஒரு நிமிடம் நின்று பார்த்து வரலாம்.